தொண்ணூத்தாறாவது கதவு

பீப்பா லைன இடிச்சு முடிச்ச அன்னிக்கு சாயங்காலம், அதோட நெழலு வழக்கம்போல வந்து வழக்கமான எடத்துல விழுந்துச்சு. கட்டடம் இல்ல. தொண்ணூத்தாறு வீடும் செங்கல்லா, காரையா, வளைஞ்ச கம்பியா லாரி லாரியா ஏறிப் போயிருந்துச்சு, மிச்சம் இருந்தது மட்டமாக்கின மண்ணும் நாலு மூலையில செவப்புத் துணி கட்டுன கழியும்தான், ஆனா நெழலு மட்டும் ரெண்டு மாடிக்கும் ஒரு சாண் கொறையாம, மொட்டமாடித் தண்ணித்தொட்டியோட, துணிக்கொடியோட, காதர் பாயோட புறாக்கூண்டோட, கடல் பக்கமா கால நீட்டிப் படுத்துக்கிச்சு. மொதல்ல பாத்தது இடிக்கிற மெஷின் ஓட்டுறவரு. அவரு ஒண்ணும் யோசிக்கல. காலையிலேர்ந்து வெயில்ல வெந்த மனுஷன், மெஷின நெழல்ல கொண்டாந்து நிறுத்தி, எறங்கி, சோத்து டப்பாவத் தொறந்து சாப்பிட்டாரு.

இதச் சொன்னா ஏன், எப்படின்னு ஆரம்பிக்கிறவங்க இருக்காங்க. அவங்ககிட்ட நான் ஒண்ணுதான் கேப்பேன். கட்டடம் நிக்கும்போதே அதுல குடியிருக்கிற ஆள லிஸ்டுல இல்லாம ஆக்க முடியுதுன்னா, கட்டடம் போன பிறகு நெழலு மட்டும் இருக்கறதுல என்னங்க அதிசயம்? அதுக்கு யாரும் கேள்வி கேக்கல, இதுக்கு மட்டும் பௌதிகத்தத் தூக்கிக்கிட்டு வந்துடுறாங்க.

பீப்பா லைன் இருந்தது ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவுல. மேற்கால ரயில் ரோடு, கெழக்கால வலை காயப்போடுற மைதானம், அதத் தாண்டுனா ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடல். வெள்ளக்காரன் காலத்துல எண்ணெய்ப் பீப்பா அடுக்கி வச்ச நெலம்னு சொல்லுவாங்க. பின்னால எவரோ ஒரு முதலாளி தன்னோட கூலிக்காரங்களுக்குன்னு வரிசையா ரூம் கட்டிவிட்டாரு, கீழ முப்பத்திரெண்டு, நடுவுல முப்பத்திரெண்டு, மேல முப்பத்திரெண்டு, ஒவ்வொண்ணும் பத்துக்குப் பத்து, முன்னால எல்லாருக்கும் பொதுவா ஒரு நீள வராண்டா. அந்த வராண்டாவுலதான் நான் நடக்கக் கத்துக்கிட்டேன், அந்த வராண்டாவுலதான் காலையில அஞ்சு மணிக்குக் கொடத்து சத்தம் ஆரம்பிச்சு, மீன் கொழம்பு வாசனையும் சோப்பு வாசனையும் ஊதுவத்தி வாசனையும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, எந்த வீட்டுல இன்னிக்கு யாரு கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடலங்கறது வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். மேல் மாடியில கடைசி ரூம் எங்களுது, தொண்ணூத்தாறு. பக்கத்துல தொண்ணூத்தஞ்சுல சுபைதா பெரிம்மா, துறைமுகத்துல கிரேன் ஓட்டுற காதர் பாய், அவங்க ரெண்டு பொண்ணுங்க.

லைன்ல ஒரு கதவு மாதிரி இன்னொரு கதவு இருக்காது. கட்டும்போது எல்லாம் ஒண்ணாத்தான் இருந்திருக்கும், ஆனா கட்டடம் கடல் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா சாஞ்சுக்கிட்டே வந்துச்சு, நெலை சாய சாய அவங்கவங்க தன் கதவ எழைச்சுக்கிட்டாங்க, சிலது கீழ, சிலது பக்கத்துல. எங்க கதவு தலையில ஒரு பக்கம் ஒரு வெரக்கடை சரிவு. எங்கப்பா கஜேந்திரன் எழைச்சது. அப்பா படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறவரு. கடல் தண்ணிக்கே அசையாத நீலப் பெயிண்ட், காய ரெண்டு நாளு ஆகும், காஞ்சா இரும்பு. வருஷா வருஷம் போகி அன்னிக்கு அந்தப் பெயிண்ட்ட எங்க கதவுக்கு ஒரு பூச்சு குடுப்பாரு. அவரு நெஞ்சடைச்சுச் செத்து ஆறு வருஷம் ஆகுது. டின்னு மிச்சம் இருந்துச்சு. அதுக்கப்புறம் அம்மா பூசுனா, கொஞ்சம் டர்பன்டைன் ஊத்தி, இன்னும் கொஞ்சம் ஊத்தி, ஒவ்வொரு போகிக்கும்.

முதலாளியோட பேரப்பசங்க அந்த நெலத்த விக்கப் போறாங்க, பெரிய மால் வரப்போவுதுன்னு தெரிஞ்சப்ப நான் பதினொண்ணாவது படிக்கிறேன். சங்கம் கூடுச்சு. எங்கள அடிச்சு வெரட்டாதீங்கன்னு கெஞ்சறதுக்குப் பதிலா, அரசாங்கமே இந்த நெலத்த வாங்கட்டும், வாங்கி இதே எடத்துல எங்களுக்கே வீடு கட்டட்டும், அதுக்குன்னே ஒரு நிதி இருக்குதுன்னு கேட்டோம். நாலு வருஷம் கேட்டோம். மனு குடுத்தோம், ரோட்டுல உக்காந்தோம், மறுபடி மனு குடுத்தோம். பொதுமக்கள் பணத்துல உங்களுக்கு எதுக்கு வீடுன்னு மைக்க நீட்டுன ஒருத்தர்கிட்ட, நாங்க யாரு, பொதுமக்கள் இல்லாம பீப்பாவா, எங்கம்மா வாங்குற தீப்பெட்டியிலயும் வரி இருக்கு சார்னு நான் சொன்னது டீவியில வந்துச்சு. கடைசியில வாங்கிட்டாங்க. நெசமாவே அரசாங்கம் வாங்குச்சு. அன்னிக்கு மூணு வராண்டாவுலயும் கேசரி. காதர் பாய் அம்பது புறாவையும் ஒண்ணா தொறந்துவிட்டாரு.

அதுக்கப்புறம்தான் வீடு கட்டிக் குடுக்கற அரசாங்க வாரியத்துலேர்ந்து ஆளுங்க வந்தாங்க. மார்கழியில வந்தவங்க ஒவ்வொரு கதவுலயும் செவப்புப் பெயிண்ட்டால நம்பர் போட்டாங்க. எங்க கதவுல தொண்ணூத்தாறு. மறுபடி எப்ப வருவோம்னு சொல்லல. போகி அன்னிக்குக் காலையில எங்கம்மா எந்திரிச்சா, பழைய பாய எரிச்சா, டின்னத் தொறந்தா, கதவுக்கு நீலம் அடிச்சா. நம்பர் மேலயே அடிச்சா. பண்டிகையும் அதுவுமா கதவுல செவப்பா எவனோ கிறுக்கிட்டுப் போயிருக்கான், அப்படியே விடுவாளா? கதவ விரியத் தொறந்து வச்சுட்டு, காயற வரைக்கும் எப்பவும் போல சுபைதா பெரிம்மா வீட்டுல போய் உக்காந்தா. பதினோரு மணிக்குக் கைரேகை மெஷினோட ஆளுங்க வந்தாங்க. நம்பர் இருக்கிற வீட்டுக்கெல்லாம் போனாங்க. தொண்ணூத்தஞ்சுல ரெண்டு பொம்பளைங்க ஒரே தட்டுல பொரி தின்னுக்கிட்டிருந்தாங்க. இங்க எத்தினி பேருன்னு கேட்டான் ஒருத்தன். ரெண்டு வீட்டு ஆளுங்களையும் எண்ணிச் சொன்னாங்க. எறால் உரிச்சு உரிச்சு ரேகை தேஞ்ச எங்கம்மா கட்டைவிரல, மெஷினு நாலு தடவ வேணாம்னுட்டு அஞ்சாவது தடவ ஒத்துக்கிச்சு. பக்கத்துல நீலமா நனைஞ்ச கதவு, நம்பர் இல்ல, உள்ள ஆள் இல்ல. எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் காலேஜுல இருந்தேன். பொதுநிதியப் பத்தி ஒரு பரீட்சை எழுதிக்கிட்டிருந்தேன், அது வேற கூத்து.

மாசியில காலி பண்ணச் சொன்னப்பதான் தெரிஞ்சுச்சு. புதுக் கட்டடம் வர்ற வரைக்கும், ரெண்டு பஸ் மாறி ஒண்ணே முக்கா மணி நேரம் போற தூரத்துல, ஏரியத் தூர்த்துக் கட்டுன பதினாலு மாடி அடுக்குல எடம். வீட்டுக்கு ஒரு ரூமு. லிஸ்டுல வீடு தொண்ணூத்தஞ்சு. சுபைதா பெரிம்மா பேருக்குக் கீழ, அதே குடும்பத்துல, கோமளா, க/பெ கஜேந்திரன், மோனிஷா, த/பெ கஜேந்திரன், எங்கம்மாவும் நானும். மொதல்ல போய்ச் சேருங்க, பாத்துக்கலாம்னாங்க. ஆறு பேரும் ஒரே ரூமுக்குப் போய்ச் சேந்தோம். பாய் நைட் டூட்டியே கேட்டு வாங்கிக்கிட்டாரு, பகல்ல நாங்கெல்லாம் வெளிய போன பிறகு வந்து படுத்துக்கலாம்னு. லைன்லேர்ந்து போகும்போது எல்லாரும் அவங்கவங்க கதவக் கழட்டி எடுத்துக்கிட்டாங்க, எங்க ஜனங்க எங்க போனாலும் கதவ விட்டுட்டுப் போக மாட்டாங்க. பதினோராவது மாடி நடையில, சுபைதா பெரிம்மாவோட பச்சைக் கதவும் எங்க நீலக் கதவும் ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு நின்னுச்சு, தொறக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம.

நெழல் சேதி ஏரி அடுக்குக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமை பாதி லைனு பஸ் ஏறுச்சு.

போய்ப் பாத்தா, இருக்கு. காலையில ரயில் ரோட்டுப் பக்கம், மத்தியானம் காலடியில சுருண்டு, சாயங்காலம் கடல் பக்கம். யாரும் கும்பிடல, யாரும் அழல. கீழ் வீட்டு ஜனங்க கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, தன் எடத்தக் கண்டுபிடிச்சு, பைய வச்சு உக்காந்தாங்க. கண்டுபிடிக்கறது கஷ்டமே இல்ல. கதவக் கழட்டிக்கிட்டுப் போன எடமெல்லாம் நெழலுக்கு நடுவுல கதவு அளவுக்கு வெயிலு, வரிசையா, மூணு வரிசை. அதுலேர்ந்து எண்ணிக்கிட்டுப் போனா அவங்கவங்க வீடு வந்துடும். ரெண்டு வாரத்துல சட்டதிட்டமும் வந்துடுச்சு. அடுத்தவங்க நெழல்ல செருப்போட போகக் கூடாது. வெயிலு சாய சாய வீடு நகரும், வீட்டோட நகரணும், எடம் பிடிச்சேன்னு அங்கயே உக்காரக் கூடாது. நடு மாடிக்காரங்க அஞ்சு மணிக்கு வலை மைதானத்துல, மேல் மாடிக்காரங்க அஞ்சரைக்கு மைதானத்தத் தாண்டி ரோட்டு மேல. ஐஸ் பாக்டரி ஸ்டாப்புல நிக்கிற பஸ்ஸு எங்க வரிசை மேலதான் நிக்கும்; ஒரு கண்டக்டரு, எண்பத்தொண்ணாம் நம்பர் வீட்டுல ஏறுனவங்கல்லாம் சீட்டு வாங்கிட்டீங்களான்னு கேப்பாரு. ஒரு காது குத்து நடந்துச்சு. ஒரு பொண்ணு பாக்கறது நடந்துச்சு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நெழல்ல உக்காந்து காப்பி குடிச்சுட்டு, வீடு காத்தோட்டமா இருக்குன்னுட்டுப் போனாங்க. பழைய சண்டைங்களும் அப்படியே வந்துச்சு, எங்க தலைக்கு மேல துணி காயப்போடாதேன்னு கீழ்வீட்டுக்காரி கத்துனா, பதிலுக்கு மேல்வீட்டுக்காரியும் கத்துனா, கொடியே கெடையாது, கொடியோட நெழலுதான் ஆடுது. காதர் பாயோட புறாங்க ஏரிப் பக்கம் போகவே இல்ல. கூண்டோட நெழல்ல தரையில எறங்கி, அது நகர நகர நடந்துக்கிட்டே போச்சு.

வாரியத்துக்குத்தான் தாங்க முடியல. கட்டடம் இருந்தாத்தானே நெழலு இருக்கும், அப்ப இடிப்பு முடியலன்னு அர்த்தம்னு சொல்லி, இடிச்ச காண்டிராக்டருக்கு வேலை முடிஞ்ச சான்றிதழ் தர மாட்டேன்னுட்டாங்க. அந்த ஆளு மெஷினத் திருப்பிக் கொண்டாந்து நெழல இடிச்சான். மண்ணுதான் பறந்துச்சு. அதுக்கப்புறம் அஸ்திவாரம் தோண்ட வந்த கொத்தனாருங்கதான் நல்லபடியா எடுத்துக்கிட்டாங்க, கான்கிரீட்டு வெயில்ல வெடிக்காம பதமா எறுகுதுன்னு.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவுல எங்களுக்கு ஒரே ஒரு மாசம் இருந்துச்சு. சித்திரை முடிஞ்சா பயனாளிகள் இறுதிப் பட்டியல மூடிடுவாங்க. பயனாளி. நாலு வருஷம் ரோட்டுல உக்காந்து வாங்குன நெலத்துக்கு நாங்க பயனாளி, வாங்க வச்சவங்கன்னு ஒரு வார்த்தை அவங்க பாரத்துல கெடையாது. அதுலயும் எங்கம்மா அந்த பயனாளி கூட இல்ல. மூடிட்டா, புதுக் கட்டடத்துல தொண்ணூத்தஞ்சு குடும்பத்துக்கு வீடு, நாங்க சுபைதா பெரிம்மா வீட்டுல ஒரு மூலை, சாகற வரைக்கும். நான் வாரிய ஆபீசுக்கு ஏழு தடவ போனேன். ஏழாவது தடவ அங்க இருந்த உதவிப் பொறியாளர் இன்பநாதன் சாரு, எப்பவும் கையில குடையோட இருக்கிற ஒல்லியான ஆளு, பொறுமையாத்தான் சொன்னாரு. கட்டடம் இருந்திருந்தா வந்து அளந்து பாத்திருக்கலாம்மா, இப்ப இல்லியேன்னாரு. இடிச்சது யாரு சார்னு கேட்டேன். அவரு ஜன்னலப் பாத்தாரு. அப்புறம், கதவுல நம்பர் போட்டாங்கன்னு சொல்றியே, அந்தக் கதவு இருக்குதான்னு கேட்டாரு.

கதவு இருந்துச்சு. வந்த வேகத்துல பிளேடும் மண்ணெண்ணையும் எடுத்துக்கிட்டு நடையில உக்காந்துட்டேன். அம்மா வேலை முடிஞ்சு வந்து பாத்தா. என் கையப் பிடிச்சா.

"விடுமா. அடியில நம்பர் இருக்கு. ஒரு பூச்சுதானே."

"அது படகுப் பெயிண்ட்டுடீ. ஒண்ணு உரிஞ்சா அடியில இருக்கறது எல்லாம் சேந்து உரியும். அடியில இருக்கறது உங்கப்பன் கையி."

"அப்பாவுக்காக வீட்ட விட்டுடலாங்கிற."

"வூட்ட விடறேன்னு நான் சொன்னனா? சொரண்டாதேன்னுதான் சொன்னேன்."

அன்னிக்கு நானும் அவளும் போட்ட சண்டை ஏழு மாடிக்குக் கேட்டிருக்கும். நீ அன்னிக்கு நம்பர் மேல பூசாம இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமான்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவ நடையிலயே கதவுக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டா. சுபைதா பெரிம்மாதான் சாப்பிடச் சொல்லி ரெண்டு பேரையும் தனித்தனியா கெஞ்சுனாங்க. மறுநாள் காலையில சோத்துக் கூடையத் தூக்கும்போது அம்மா, எங்கயோ பாத்துக்கிட்டு, நெழல்ல நம்ம வூட்டு வாசப்படி வெயிலு இருக்கில்ல, அதுவும் தலையில சரிவாத்தாண்டீ இருக்குது, போன வாரமே பாத்தேன்னு சொன்னா. சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டா.

நான் பிளேடத் தூக்கி எறிஞ்சுட்டு, கதவோட தலைச் சரிவ வெரலால அளந்து பாத்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு கதவும் ஒரு மூணு சக்கர மீன்பாடி வண்டியில ஏறி வந்துச்சு. நீலக் கதவு எதுக்குன்னு தெரியும். பச்சைக் கதவ சுபைதா பெரிம்மா தானே தூக்கிப் போட்டாங்க, கேட்டதுக்கு, வரட்டும்னாங்க. லைன் மொத்தமும் நெழல்ல இருந்துச்சு. கூப்பிட்டிருந்தும் இன்பநாதன் சாரு வருவாருன்னு நான் நெனைக்கல, லீவு நாளு, ஆனா வந்தாரு, குடையோட, கக்கத்துல அளவுப் புத்தகத்தோட. விஷயத்தக் கேட்டாரு. நெழலப் பாத்தாரு. நெழல் எல்லாம் சான்று ஆகுமான்னு கேப்பாருன்னு நான் பதிலத் தயாரா வச்சிருந்தேன், அந்தாளு கேக்கவே இல்ல. இப்ப வச்சா பொருந்தாதும்மா, நெழலு இன்னும் குட்டையா இருக்கு, எது எவ்வளவு உசரமோ நெழலும் அவ்வளவே நீளம் இருக்கிற ஒரு நேரம் வரும், அப்பதான் அளவு சரியா நிக்கும்னுட்டு, குடைய மடக்கி மண்ணுல நட்டுவச்சாரு. நானூறு பேரும் குடைய சுத்தி நின்னோம். குடை நெழலு எறும்பு மாதிரி ஊருச்சு. சாரு டேப்ப வச்சு வச்சுப் பாத்தாரு. மூணேகாலு இருக்கும், ம், இப்ப அப்படின்னாரு.

சுபைதா பெரிம்மாதான் முந்திக்கிட்டாங்க.

"மொதல்ல என் கதவ வையுங்க சார். கோமளா வூட்டுல என் கதவு பொருந்துதான்னு பாருங்க. அப்புறம் எந்தக் கதவ வச்சாலும் பொருந்தும்னு ஒருத்தரும் பேசக் கூடாது."

வச்சோம். பச்சைக் கதவு தொண்ணூத்தாறோட வெயில்ல ஒக்காரல, மேல ஒரு மூலையில ஆப்பு மாதிரி வெளிச்சம் நின்னுச்சு. அதையே தூக்கித் தொண்ணூத்தஞ்சுல வச்சோம், கச்சிதமா மூடிக்கிச்சு. எங்கம்மா நீலக் கதவுக்கு யாரையும் கை குடுக்க விடல. தானே தலைமேல தூக்கிட்டு வந்தா, வலை மைதானத்து ஓரத்துல, நெழல்ல மேல் வரிசையில கடைசியா நின்ன அந்த வெயிலுக்குப் பக்கத்துல முட்டி போட்டா, தலைச் சரிவு சரிவோட சேர்ற மாதிரி மெதுவா எறக்குனா. நாலு பக்கமும் ஒரு நூலு வெளிச்சம் இல்ல. அப்ப தாப்பா விழற சத்தம் கேட்டுச்சு. எங்க வீட்டுத் தாப்பா, மொதல்ல ஒரு கிர், அப்புறம் ஒரு டொக், அந்தத் தாப்பாளக் கழட்டி பழைய இரும்புக்குப் போட்டே ரெண்டு மாசம் ஆச்சு. அம்மா கதவத் தூக்குனா. அடியில வெயிலு இல்ல. நெழலு முழுசா இருந்துச்சு.

இன்பநாதன் சாரு பேனாவ உதறி உதறிப் பாத்தாரு. பேனா எழுதலையோன்னு நெனச்சேன். அப்புறம் அளவுப் புத்தகத்துல அவரு எழுதினத, பக்கத்துல நின்னு நான் படிச்சேன்: வீடு எண் 96. கதவு பொருந்துகிறது. நேரில் பார்த்தேன்.

பொருந்துதுன்னு மட்டும் எழுதிட்டு, எதுலன்னு எழுதலியேன்னு நான் வாயத் தொறந்தேன். அம்மா என் கால மிதிச்சா.

பட்டியல்ல ஏறுச்சு. மேல யாரும் ஒண்ணும் கேக்கல, அளவுப் புத்தகத்துல இருந்தா அது இருக்கறது. அடுத்தடுத்த வாரம் மத்தவங்களும் கதவத் தூக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு நிரூபிக்க ஒண்ணும் இல்ல. வீட்டத் தொறந்து போட்டுட்டு வந்துட்டோமே, அதான், மூடிட்டுப் போகலாம்னு. மூணேகாலுக்கு வரிசையா கிர், டொக், கிர், டொக். சில பேரு மூடறதுக்கு முன்னால எட்டிப் பாத்தாங்க. என்ன பாத்தாங்கன்னு நான் கேக்கல, கேக்கற விஷயம் இல்ல அது.

மூணு வருஷம் ஆச்சு. புதுக் கட்டடம் அந்த நெழலுக்குள்ளேயே மொளைச்சு, எட்டு மாடி வளந்துச்சு. அதுக்கும் நெழலு வந்துச்சு, ஆனா வெளுத்துப்போன நெழலு, ஆபீஸ் பைலு மாதிரி சதுரமா; அதுக்குள்ள பழசு கருப்பா, கொஞ்சம் கடல் பக்கம் சாஞ்சு, கொடியில துணி ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமைங்க எல்லாம் நாங்க அங்கதான். ஏரி அடுக்குல எனக்கு நெனவு இருக்கறது லிப்ட்டு நின்னுபோன நாளுங்கதான். அந்த மூணு வருஷத்துல நான் வாழ்ந்ததுன்னா வாரத்துக்கு ஒரு சாயங்காலம், ரெண்டே காலுலேர்ந்து ஆறு வரைக்கும், தரையில. சாவி குடுக்கற அன்னிக்குப் பந்தல் போட்டு, மேளம் வச்சு, மாலை போட்டு எல்லாம் நடந்துச்சு. மூணேகாலுக்கு நான் திரும்பிப் பாத்தேன். நானு மட்டும் இல்ல, மொத்த லைனும் சாவியக் கையில வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பாத்துச்சு. புது நெழலு மட்டும் இருந்துச்சு. புறாங்க மூணு சுத்து சுத்திட்டு, எறங்க எடம் இல்லாம, எட்டாவது மாடி பைப்பு மேல போய் உக்காந்துச்சு. மைக்குல ஒருத்தரு பேசிக்கிட்டே இருந்தாரு.

ஜெயிச்சோமான்னு கேட்டா, ஜெயிச்சோம். அதுக்காக கோவம் போகணும்னு சட்டமா? குலுக்கல் போட்டு வீடு குடுத்தாங்க, எழுபது வருஷமா பக்கத்துல பக்கத்துல இருந்தவங்கள சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுட்டாங்க. சுபைதா பெரிம்மாவுக்கு மொத மாடி, எங்களுக்கு அஞ்சாவது. வராண்டா கெடையாது, கதவத் தொறந்தா எதிர்ல இன்னொரு கதவு. எல்லாக் கதவும் ஒரே சைஸு, ஒரே சாம்பல் கலரு, நடுவுல கருப்புல அச்சடிச்ச நம்பரு. லிப்ட்டுக்குப் பக்கத்துல ஒரு நோட்டீசு, பயனாளிகள் கதவின் நிறத்தை மாற்றக் கூடாது. எங்க பழைய கதவு ரெண்டு இரும்பு ஸ்டூல் மேல என் மேசையா கெடக்குது. அதுமேல வச்சுத்தான் இத எழுதறேன். என் நோட்டுக்கு அடியில, ரெண்டு பூச்சு நீலத்துக்கு நடுவுல, செவப்புல தொண்ணூத்தாறு இன்னும் இருக்குது. ஒருத்தரும் அதப் பாத்ததில்ல.

போகி வந்துச்சு. காலையில அம்மா எந்திரிச்சா, பழைய பாய மடிச்சா, அந்த டின்ன எடுத்தா. நான் நோட்டீசப் பத்திச் சொன்னேன். டர்பன்டைன் எங்கடீன்னு கேட்டா. சாம்பல் கதவு மேல நீலம் ஏற ஏற நடைக்கே வெளிச்சம் வந்துச்சு, எதிர்வீட்டுக்காரி கதவத் தொறந்து பாத்துட்டு, உள்ள போய்த் தன் டப்பாவத் தேடுற சத்தம் கேட்டுச்சு. அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள எட்டு மாடியிலயும் ஒரு கதவு கூட சாம்பலா இல்ல. அம்மா மேலேர்ந்து பூசிக்கிட்டு வந்தா. நம்பர்கிட்ட வந்ததும் நின்னா. புடவைத் தலைப்பால பிரஷ்ஷு நுனியத் தொடச்சு, நம்பரச் சுத்தி மெதுவா ஒரு சதுரம் விட்டா, கையகலத்துக்கு, சாம்பலாவே. மீதிய முடிச்சு எறங்கி நின்னு பாத்தா.

"டின்ல தீந்துடுச்சா?"

"இல்ல. இருக்குது."

பின்னால படியில போய்ப் பாத்தேன், எல்லாக் கதவுலயும், பச்சை, மஞ்சள், செங்கல் கலரு, எதுவா இருந்தாலும், நம்பரச் சுத்தி ஒரு கையகலம் விட்டிருந்துச்சு. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கல. இனிமே இங்க பொறக்கற கொழந்தைங்க அது சாமிக்கு விடற எடம்னு நெனச்சுக்கும்.

அம்மா கதவ விரியத் தொறந்து வச்சா. டின்ன மூடுனா. கைய மண்ணெண்ணையில கழுவுனா. ஒரு தட்டுல பொரியக் கொட்டி எடுத்துக்கிட்டு, காயட்டும், சுபைதாக்கா வூட்டுல இருக்கேன்னு சொல்லிட்டு, நாலு மாடி எறங்கிப் போயிட்டா. எங்க வீட்டையே லிஸ்டுலேர்ந்து முழுங்குன அதே தப்ப, ஒரு சொட்டு பயம் இல்லாம, திரும்பப் பண்ணப் போயிட்டா.

நான் போகல. ஈரக் கதவுக்குப் பக்கத்துல, நம்பர் தெரியற மாதிரி தள்ளி, கையக் கட்டிக்கிட்டு நின்னேன். எவனாவது மெஷினோட வரட்டும்னு நின்னேன். நடை ஜன்னல் வழியா மார்கழிக் கடைசி வெயிலு உள்ள வந்துச்சு, கீழேர்ந்து ரெண்டு பொம்பளைங்க சிரிக்கற சத்தம் படி ஏறி வந்துச்சு, தரையில என் நெழலு கொஞ்சம் கொஞ்சமா நீண்டு, கொஞ்ச நேரம் சரியா என் உசரத்துக்கே இருந்துச்சு.